இறக்காமல் விட்ட கொடி

தப்பாக எழுதியிருப்பதைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால் பேனாவால் அதைப் போட்டுவிட்டுத்தான் முகூர்த்த நாளையே பார்ப்பேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பக்கத்தில் இருப்பவருக்குத் தப்பான நிறுத்தத்தைச் சொன்னால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் குனிந்து திருத்திவிடுவேன். என் கணவர் இதை வியாதி என்பார். நான் இதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன். எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் மத்திய அரசின் ஒரு துறையில், கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. அதில் என்னைவிடக் கெட்டிக்காரி அந்தக் கட்டடத்தில் இல்லை. இந்தக் குணத்தால் ஒரு மனிதன் செத்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அறையில் நானும் ஒரு சர்தாரும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாசல் நிலையில் தலைப்பாகை இடிக்கும் உயரம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறத்தில் தலைப்பாகை கட்டுவார். பஞ்சாபியில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரைப் 'பாஜி' என்பேன். அவர் என்னை 'மேடம்' என்பார், அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

அந்த மெஷின் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். உடம்புதான் பெரிசு, நினைவகம் ரொம்பச் சின்னது. பெரிய புரோகிராம் எதுவும் முழுசாக உள்ளே கொள்ளாது. அதனால் அதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்போம். ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். எது தேவையோ அதை டிஸ்கிலிருந்து நினைவகத்தில் ஏற்றுவது, வேலை முடிந்ததும் அதே இடத்தில் வேறொன்றை ஏற்றுவது. டெல்லியில் கரோல் பாக் வாடகை வீடு மாதிரிதான். ஒரு குடும்பம் காலி பண்ணும், இன்னொன்று வரும், கதவு எண் மட்டும் மாறாது. இப்படி ஏற்றுகிற புரோகிராமை எழுதியவர் பாஜி. உள்ளே என்ன நடக்கிறது என்று வேவு பார்த்துத் தப்பைப் பிடிக்கிற புரோகிராமை, டீபக்கரை, எழுதியவள் நான்.

என் டீபக்கரில் ஒரு பட்டியல் இருந்தது. ஒரு மாட்யூலுக்கு ஒரு வரி. அதில் அதன் பெயர், அது உட்கார்ந்திருக்கும் இடம், அதன் நீளம், கடைசியில் எட்டே எட்டு பிட். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒவ்வொரு பிட்டும் ஒரு கொடி. முதல் கொடி ஏறியிருந்தால் இந்த மாட்யூல் நினைவகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, அதற்குள் இருக்கும் பெயர்களின் பட்டியலைப் படித்தாகிவிட்டது. மூன்றாவது, படித்த பட்டியல் பழசு, மாட்யூலோடு ஒத்துப்போகவில்லை. நான்காவது, இதைக் கையால் கேட்டு வரவழைத்திருக்கிறோம். இப்படி ஒரு மாட்யூலின் ஜாதகமே எட்டு கொடிகளில் அடங்கிவிடும். பாஜி இந்தக் கொடிகளை 'ஜண்டா' என்பார். மாட்யூல் ஏறியதும், "மேடம், ஜண்டா சடா தியா?" என்று கேட்பார். ஏற்றியாகிவிட்டது என்று நானும் தலையாட்டுவேன்.

ஆரம்பத்திலேயே அவர் ஒன்று சொன்னார். ஏற்றுவதை எழுதியிருக்கிறீர்கள், இறக்குவதை யார் செய்வார்கள் என்று கேட்டார். மாட்யூல் வெளியே போனதும் முதல் கொடியை இறக்க வேண்டும், முடிந்தால் 'இருந்தது, போய்விட்டது' என்பதற்கென்றே தனியாக ஒரு கொடி வைக்க வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்று போகும்போதும் அவருடைய புரோகிராம் என்னுடையதற்குச் சொல்லி அனுப்ப வேண்டும், எல்லாம் மெதுவாகும். போனதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரே பேச்சில் வாயை அடைத்தேன்.

ஒரு நாள் ஒரு மாட்யூலை நடுவில் நிறுத்திப் பார்ப்பதற்காக அதற்குள் நிறுத்தக் கட்டளை ஒன்றைச் செருகினேன். அது அங்கேதான் இருக்கிறது என்று கொடி சொன்னது. அது எப்போதோ போய்விட்டிருந்தது. அதே இடத்தில் டிஸ்கில் எழுதுகிற மாட்யூல் குடியேறியிருந்தது. என் கட்டளை அதன் வயிற்றில் போய்ச் சொருகிக்கொண்டது. அது தறிகெட்டுப் போய் டிஸ்க் முழுக்கக் குப்பையை எழுதித் தள்ளியது. எங்கள் துறையின் மூன்று மாத வேலை பத்து நிமிஷத்தில் நாசம். நான் தேடியவன் தப்பித்தான், அந்த இடத்தில் இருந்தவன் அடி வாங்கினான்.

மெஷின் அச்சடித்துத் தள்ளிய தாளை பாஜி பார்த்தார். குரலை உயர்த்தாமல், "மேடம், ஜண்டா உதாரா நஹீங்," என்றார். கொடியை இறக்கவில்லையே என்றார், அவ்வளவுதான். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேஜையில் மெஷினுக்கான துளை போட்ட கார்டுகளை வைக்கும் இரும்பு ட்ரே இருந்தது. எடுத்து வீசினேன். அது அவருடைய புருவத்துக்கு மேலே, தலைப்பாகை முடிகிற இடத்தில் போய்ப் பட்டது. தோல் பிளந்து ரத்தம் மூக்கோரமாக ஓடித் தாடிக்குள் இறங்கி, தாளில் சொட்டியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குத் தோன்றியது தாள் பாழாகிவிட்டதே என்பதுதான். அவர் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டு வந்த எங்கள் அதிகாரியிடம் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றார்.

மூன்று நாள் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் என் மேஜையில் நெய் மணக்க இரண்டு பராட்டாவை வைத்துவிட்டு, "ட்ரே உடைந்துவிட்டால் சொல்லுங்கள், ஸ்டோரில் எழுதிப் போட்டு வேறு வாங்கித் தருகிறேன்," என்றார். நான் பாத்ரூமில் போய் நின்று அழுதேன். அன்று சாயங்காலமே கொடியை இறக்குகிற வரிகளை எழுதினேன். அதற்குப் பிறகு என் பட்டியல் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

கரோல் பாக்கில் நாங்கள் குடியிருந்த வீடும் அவர் தந்ததுதான். மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி. அவர் யமுனைக்கு அந்தப் பக்கம் தம்பியோடு சேர்ந்து சொந்த வீடு கட்டிக்கொண்டு போனபோது வீட்டுக்காரரிடம் பேசி எங்களை அங்கே வைத்தார். அதுவரை நானும் என் கணவரும் ஒரு மொட்டைமாடி அறையில் வெந்துகொண்டிருந்தோம். சாவியோடு தன் ரேஷன் கார்டையும் கொடுத்தார். அவர் குடும்பத்தில் நான்கு பேர். சர்க்கரைக்கு நாய் படாத பாடு பட்ட காலம். "கொஞ்ச நாள் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு நாள் போய்ப் பெயரை எடுத்துவிடுங்கள்," என்றார். நான் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் அவர் பெயரில் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வாங்கினேன். ஆபீசில் ஒரு பிட் தப்பாக நின்றால் சோறு இறங்காதவள், டெல்லியில் டிப்போ என்று சொல்லும் ரேஷன் கடையின் ரிஜிஸ்டரில் ஒரு குடும்பமே தப்பாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு பாயசம் வைத்தேன்.

டிப்போக்காரனுக்கு பாஜியைக் கண்டால் ஆகாது. அங்கே இருந்த காலத்தில் எடை குறைகிறது என்று பாஜி எழுதிப் போட்டு, ரேஷன் இலாகா ஆட்கள் வந்து பார்த்து, டிப்போவை ஒரு மாதம் மூடி வைத்தார்கள். அதை அவன் மறக்கவில்லை. நான் கார்டை நீட்டும்போதெல்லாம், "சர்தார் வரமாட்டாரோ?" என்பான். "ஆபீசில் வேலை அதிகம், ஒரே மாடிதானே, நான் வாங்கிப் போகிறேன்," என்பேன். கூசாமல் சொல்வேன். அவன் நீளமான ரிஜிஸ்டரில் விரல் வைத்துக் காட்டுவான், நான் கையெழுத்துப் போடுவேன்.

எண்பத்து நான்கு அக்டோபர் கடைசி நாள், பிரதமரைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி ஆபீசுக்குள் வந்தது. சுட்டவர்கள் சீக்கியர்கள் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அறைக்கு வந்த ஒருவரும் பாஜியை நேராகப் பார்க்கவில்லை. அவர் டிராயரைப் பூட்டினார், ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "பாத்துப் போங்க பாஜி," என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

மறுநாள் காலை பால்கனியில் நின்றால் மூன்று இடத்தில் புகை. தெருமுனையில் டாக்ஸி நிறுத்தும் இடம் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வயதான சர்தாரைப் படுக்கப் போட்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். தலைப்பாகை அவிழ்ந்து சாக்கடை வரை நீளமாகக் கிடந்தது, அதை மிதித்துக்கொண்டு நின்றார்கள். அடிக்கிற ஓசை மாடிக்குக் கேட்டது. மெத்தையைத் தட்டுகிற ஓசை மாதிரிதான் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கம்பி வைத்திருந்தவர்களில் ஒருவன் எனக்குத் தினமும் வாழைப்பழம் விற்கிறவன். பேரம் பேசினால் முகம் கோணாமல் ஒரு பழம் கூடப் போடுவான். அந்தப் பெரியவர் கையைத் தூக்கினார், அதையும் அடித்தான். பிறகு யாரோ டயரைக் கொண்டுவந்தார்கள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். என் கணவர் ரேடியோவை வைத்தார், சோக இசைதான் வந்தது.

உச்சிவெயில் நேரத்தில் படியில் காலடிச் சத்தம். கதவைத் தட்டவில்லை, உதைத்தார்கள். தாழ்ப்பாள் தெறிக்கட்டும் என்று விட முடியாமல் என் கணவர் திறந்தார். ஏழெட்டுப் பேர். முன்னால் நின்றவன் டிப்போக்காரன். கையில் அந்த ரிஜிஸ்டர்.

"சர்தாரை வெளியே அனுப்பு," என்றான்.

"யஹாங் கோயீ சர்தார் நஹீங் ஹை," என்றார் என் கணவர். இங்கே சர்தார் யாரும் இல்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு கம்பி வந்து அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த ஓசையை நான் கேட்டேன். அவர் செருப்பு வைக்கும் பலகையின் மேல் விழுந்தார், வலியில் கத்தக்கூட வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

உள்ளே புகுந்தவர்கள் கட்டிலைத் தூக்கிப் புரட்டினார்கள். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அரிசி டின்னுக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருப்பான் என்று எவன் நினைத்தானோ, அதையும் கொட்டினார்கள். சமையலறையில் மண்ணெண்ணெய் டின் நிறைய இருந்தது, பாஜியின் கார்டில் வாங்கியது. ஒருவன் அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டான். டிப்போக்காரன் மட்டும் நகரவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பாஜியின் பெயர், எங்கள் வீட்டு எண், நான்கு பேர். போன வாரச் சர்க்கரைக்கு நேராக என் கையெழுத்து.

"இந்த வீட்டில் இல்லாதவனுக்கா நீ சர்க்கரை வாங்கினாய்? எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்றான். பக்கத்தில் நின்றவன் தரையில் கிடந்த என் கணவரின் முறிந்த தோளில் காலை வைத்தான்.

இரண்டு வருஷம் சர்க்கரைக்காகக் கூசாமல் பொய் சொன்ன வாய் இது. அன்று ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். பஞ்சாப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம், அதை மறைக்கவில்லை. புடவை நனைந்துவிட்டது. ஆனால் பயத்தோடு கூடவே, இந்த நேரத்திலும் எனக்குக் கோபமும் வந்தது. நான் பொய் சொல்கிறேன் என்கிறானே, அவன் பட்டியல்தானே தப்பு என்ற கோபம்.

"அந்தப் பதிவு தப்பு," என்றேன். "அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே காலி பண்ணிவிட்டார். சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்."

"எங்கே?"

கீழே கிடந்த என் கணவர் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி, எங்கள் திருநெல்வேலிப் பேச்சில், "ஏட்டி, சொல்லாத," என்றார். தோளில் இருந்த கால் அழுத்தியது. அவர் குரல் அப்படியே அறுந்தது.

நான் சொன்னேன். காலனியின் பெயரைச் சொன்னேன். எந்த பிளாக் என்று சொன்னேன். பால் டிப்போவுக்கு எதிர்ச் சந்து என்று கேட்காமலே அடையாளம் சொன்னேன். வீட்டு எண்ணை இந்தியில் சொன்னேன்.

இந்தி எண்களில் முப்பதுக்கு மேல் எனக்கு எப்போதும் தகராறு. டெல்லியில் என்னைப் போன்ற தமிழர்கள் பலருக்கும் அப்படித்தான், காய்கறிக்காரனிடம்கூட இங்கிலீஷில் ஃபார்ட்டி ஒன் என்போம். முப்பத்தொன்று இக்தீஸ், நாற்பத்தொன்று இக்தாலீஸ். நான் வாய் குழறி "இக்தீஸ்" என்றேன். பாஜியின் வீடு நாற்பத்தொன்று. டிப்போக்காரன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ரிஜிஸ்டரின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, முப்பத்தொன்று என்று எழுதினான். எழுதி முடித்துத் திரும்பிவிட்டான். கணவர் தோளிலிருந்து கால் எடுபட்டது. அவர்கள் போகத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தக் காகிதத்தில் தப்பான எண் இருந்ததை நான் பார்த்தேன்.

"இக்தீஸ் நஹீங்," என்றேன். "இக்தாலீஸ்."

அவன் திரும்பி வந்து, மூன்றை அடித்துவிட்டு நான்கு போட்டான். "ஷுக்ரியா," என்று நன்றி வேறு சொன்னான். "அந்தப் பக்கமும் நம் ஆட்கள் இருக்கிறார்கள்," என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே படி இறங்கினான்.

படியில் காலடிச் சத்தம் ஓய்ந்தது. பிறகு என் கணவர் கொட்டிக் கிடந்த அரிசியின் மேல் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "மொதல்ல சொன்ன நம்பரோட விட்டுருக்கலாம்லா?" என்றார். "அத எதுக்குத் திருத்துன?"

"தப்பாச் சொல்லிட்டேன்லா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சகிக்க முடியவில்லை. அவரை அடித்தேன். முறிந்த தோள் என்று தெரிந்தே, அந்தத் தோளிலேயே இரண்டு கையாலும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. அழுதார், வலியிலா வேறெதிலா என்று தெரியவில்லை. எனக்குக் கை ஓய்ந்த பிறகு கீழ்வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்காரரிடம் டெலிபோன் இருந்தது. பாஜி வீட்டில் டெலிபோன் கிடையாது. அந்தப் பக்கத்தில் தெரிந்த ஒரே எண், ஆபீஸ் பியூன் ஒருவருடைய மச்சான் கடை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. தெருவில் இறங்கிப் போகலாம் என்று வாசல் வரை போனேன். முனையில் அந்த டயர் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. திரும்பி மாடி ஏறிவிட்டேன். நான் போகவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஊரடங்கு முடிந்து ஆபீஸ் திறந்தபோது பாஜியின் நாற்காலி காலி. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இல்லை, கேட்கப் பயந்தேன். ஒரு வாரம் கழித்து எங்கள் அதிகாரியே சொன்னார். பாஜியும் மனைவியும் குழந்தைகளும் உயிரோடு இருக்கிறார்கள், நிவாரண முகாமில் இருக்கிறார்கள், தம்பி இல்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டு என் மேஜைக்குப் போய், பாஜி உயிரோடு இருக்கிறார், பாஜி உயிரோடு இருக்கிறார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். தம்பியை நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். எங்கள் கட்டிலையும் பீரோவையும் மாடியில் ஏற்றித் தந்தவன் அவன்தான்.

மூன்று வாரம் கழித்து பாஜி வந்தார். யாரோ வந்து வாசலில் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தலைப்பாகை இல்லை, தாடி இல்லை, தலைமுடி கத்தரிக்கப்பட்டிருந்தது. முகாமுக்குப் போகும் வழியில் அடையாளம் தெரியாமல் இருக்க அவர் மனைவியே சமையலறைக் கத்தரியால் வெட்டினாராம். நெற்றியில் தலைப்பாகை இருந்த இடம் மட்டும் வெயில் படாத வெளுப்பு. நிலையில் இடிக்குமோ என்று பழக்கத்தில் குனிந்து உள்ளே வந்தார்.

டீ வந்தது. கேட்காமலே சொன்னார். இரண்டாம் தேதி காலை. அடுத்த வீட்டுக்காரர்கள் இவர்களைத் தங்கள் பரணில் ஏற்றி, முன்னால் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை அடுக்கிவிட்டார்கள். தம்பி வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினான். அதற்குள் கும்பல்காரர்கள் வந்துவிட்டார்கள். பரணில் ஒரு சின்ன வென்டிலேட்டர் இருந்தது, அதன் வழியாகச் சந்து தெரியும். அண்ணன் எங்கே என்று கேட்டுக் கம்பியால் முழங்காலில் அடித்தார்கள். சொல்லவில்லை. இன்னொரு முழங்காலிலும் அடித்தார்கள். அவன் கிடந்த இடத்திலிருந்து அந்தப் பரண் பத்தடிகூட இருக்காது, அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். குழந்தைகளின் வாயில் ரஜாயைத் திணித்துப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். தம்பிக்கு இருபத்தாறு வயது. "கடைசிவரை சொல்லவில்லை, மேடம்," என்றார்.

பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா?" என்று கேட்டார்.

"இல்லை பாஜி," என்றேன்.

"அச்சா," என்றார்.

அடுத்த வாரம் தாளைப் பார்த்துக்கொண்டே, அந்த ரேஷன் டிப்போக்காரன் எங்கள் தெருப் பக்கம் தட்டுப்பட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கணவர் தோளில் கட்டுப் போட்டிருப்பதைப் பற்றி ஆபீசில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு என்ன என்று விசாரித்தார். படியில் வழுக்கிவிட்டார் என்றேன். அன்று இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். என் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதம் எடுத்துக்கொண்டார், நன்றாக இருக்கிறது என்றார். எனக்காக அலமாரிக் கதவின் மேல் பழியைப் போட்ட மனிதர். அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் பொய் மேல் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவைப்பட்ட அன்றைக்கு வராத பொய் இப்போது சரளமாக வந்தது. தினமும் ராத்திரி, நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று கணவரிடம் சொல்வேன். அவர் விளக்கை அணைப்பார்.

ஜனவரியில் அவருக்குச் சண்டிகருக்கு மாற்றல் வந்தது. கேட்டு வாங்கியது. கடைசி நாள் டிராயரில் இருந்ததையெல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கினார். தன் புரோகிராம் தாள்களை எனக்கு விளக்கி ஒப்படைத்தார். எந்தெந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்திருந்தார். எல்லோரிடமும் கைகுலுக்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மாடிப்படித் திருப்பத்தில் நிறுத்தினேன்.

"வந்தார்கள் பாஜி," என்றேன். "டிப்போக்காரன் வந்தான். நான்தான் முகவரி சொன்னேன்."

அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கோபப்படவும் இல்லை. எத்தனையோ நாளாக எதிர்பார்த்திருந்த கடிதம் வந்த மாதிரி, முகத்தில் ஒரு களைப்புத்தான் தெரிந்தது.

"தெரியும்," என்றார். "பரணில் இருந்தேனே, கேட்டது. அந்த டிப்போக்காரன் ஒரு துண்டுக் காகிதத்தைத் தம்பி முகத்துக்கு நேரே ஆட்டினான். மத்ராசி மேடம் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள், இனி யாரைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று கேட்டான்."

"நான் எழுதவில்லை," என்றேன். "வாயால்தான் சொன்னேன். எழுதினது அவன்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. பாஜி படியில் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.